நான் டீ குடிக்கப் போன நேரத்தில் வந்த மெடல்

விளையாட்டு ஆசிரியர் வேலையைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம்தான்: கழுத்தில் விசில், கையில் டீ, மழை பெய்தால் லீவு. இதைப் படிக்கிறவர்களில் யாராவது விசில் ஊதிச் சம்பளம் வாங்கியிருந்தால், பெண் பார்க்கப் போன வீட்டில் “பி.டி. மாஸ்டரா? சரி, அதோட வேற என்ன பண்றீக?” என்று கேட்டதை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். என்னையும் கேட்டார்கள். பஜ்ஜியை எடுத்துக் கடித்துக்கொண்டேன்.

ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்தேன். இயக்குவதற்கு எனக்குக் கீழே இருந்தது ஒரே ஒருவர், மார்க்கர் காதர் பாய். மைதானத்தில் கோடு போடுவது, வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது எல்லாம் மார்க்கர் வேலை. என் தவறுகளைத் திருத்துவதும் அவர் வேலைதான் என்பது போகப் போகத் தெரிந்தது. நான் சேர்ந்து ஆறு வருடமாக மண்டலத் தடகளப் போட்டியில் எங்கள் கல்லூரிக்கு ஒரு மெடல்கூட வந்ததில்லை. ஏழாவது வருடம் ஸீஸன் தொடங்கும்போது பிரின்சிபால் கூப்பிட்டு, இந்தத் தடவையும் ஒன்றும் வராவிட்டால் மைதானத்தில் பாதியைக் கெமிஸ்ட்ரி கட்டடத்துக்குக் கொடுத்துவிடுவதாகக் கமிட்டியில் பேசிக்கொள்கிறார்கள் என்றார். அந்த ஒரு ஸீஸனில் நடந்தவைதான் கீழே இருப்பவை.

ஒட்டுப் போட்ட டேப்

ஜூலையில் ட்ராக் போட்டோம். எங்கள் பக்கம் கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதம் அது. காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடு மத்தியானம் லைப்ரரி ஜன்னலில் படிந்திருக்கும். மறுநாள் மறுபடி போடுவோம். அப்படிப் போட்ட ட்ராக்கில் முதல் வாரமே ஒரு பையன் நானூறு மீட்டரை ஓடி முடித்த நேரத்தைப் பார்த்து ஸ்டாப் வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தேன், ஓடுகிறதா என்று. அடுத்த பையனும் அதே வேகம். மாநில சாதனைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று பிரின்சிபாலிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் ஸ்டாஃப் ரூமில் சொன்னார். இரண்டு நாள் தலையை நிமிர்த்தி நடந்தேன்.

மூன்றாவது நாள் காதர் பாய் அளக்கிற டேப்பைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். எந்தக் காலத்திலோ நடுவில் அறுந்ததை யாரோ சுத்தமாக ஒட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். ஒட்டின இடத்தில் சில மீட்டர்களைக் காணவில்லை. அந்த டேப்பை ஆறு வருடமாக நான்தான் பிடித்து அளந்துகொண்டிருந்தேன். எங்கள் பையன்கள் கல்லூரியில் புலியாக ஓடி, வெளியூர் போனால் கடைசியாக வந்ததற்கு நான் ஊர் ஊராகத் தண்ணீரைக் குறை சொல்லியிருக்கிறேன். பாய் டேப்பைச் சுருட்டிக்கொண்டே ஆறுதல் சொன்னார்:

“பயலுக நல்லாத்தான் சார் ஓடுறாக. தரைதான் கம்மி.”

படம் போட்ட புத்தகம்

ஆரோக்கியம் பாம்பன் பையன். அப்பா மீன் பிடிக்க வள்ளத்தில் போகிறவர். இவனும் லீவு நாளில் வீச்சுவலை வீசுவான். ஒரு நாள் வட்டு எறிகிற இடத்தில் சும்மா நின்றவன் வட்டை எடுத்து இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி விட்டான். அது போய் விழுந்த இடத்தைத் தேடத்தான் நேரமானது. இவனைச் செதுக்கி எடுத்துவிட வேண்டும் என்று, மதுரையில் வாங்கின படம் போட்ட புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். இடது கால் இங்கே, முட்டி இப்படி, முகவாய் அப்படி. பையன் மரியாதையாகத் தலையாட்டினான்.

முதல் வாரம் வட்டு இரண்டு மீட்டர் குறைந்தது. இரண்டாவது வாரம் இன்னும் இரண்டு. பழகினால் சரியாகிவிடும் என்றேன். அதற்குள் எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அவன் பழைய தூரத்தையும் தாண்டி எறிந்துகொண்டிருந்தான். புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் படித்தாய் என்று ஆசையாகக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான்:

“கோவிச்சுக்காதீக சார், உங்களுக்குக் காய்ச்சல் வந்ததுல இருந்து நல்லாப் போகுது.”

வட்டமாக ஓடுகிறவள்

முத்துச்செல்வி முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் படித்த பெண். வீட்டில் மிளகாய் விவசாயம், மழை பெய்தால் நெல். அவளை நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் பஸ்ஸைத் தவறவிட்டு அதன் பின்னாலேயே அடுத்த ஸ்டாப் வரை ஓடி ஏறினவளை, அந்த பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்த காதர் பாய் பார்த்து எனக்குச் சொன்னார். மூவாயிரம் மீட்டருக்கு எடுத்தோம். செருப்பில்லாமல் ஓடுவாள். மூச்சு வாங்குவதே தெரியாது.

ஆகஸ்டில் ஒரு காலை அவளுடைய அய்யா வந்தார். தோளில் துண்டு, கையில் ஒரு பை மிளகாய் வற்றல். மகள் பேன்ட் போட்டு ஓடுவதைக் கேள்விப்பட்டுச் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, பெண்கள் விளையாட்டில் முன்னேறுவது பற்றி எனக்குத் தெரிந்த அத்தனையையும் கால் மணி நேரம் பேசினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, மிளகாயை என் மேசையில் வைத்தார். தையில் அவளைக் கட்டிக் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். மாப்பிள்ளை வீட்டார் அவசரப்படுகிறார்களாம். அதற்குள் இந்த ஓட்டத்தால் உருப்படியாக ஏதாவது நடந்தால் யோசிப்பாராம். போகிற போக்கில், மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த மகளை நின்று பார்த்தார்.

“ஓடுறதுன்னா எங்கிட்டாவது போய்ச் சேரணும்ல சார்? கெளம்புன இடத்துக்கே வாரதுக்கு எதுக்கு இம்புட்டு வேகம்?”

மணல் பயிற்சி

மணலில் ஓடினால் கால் இரும்பாகும் என்று அதே புத்தகத்தில் போட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு ராமேஸ்வரம் போய், பஸ் போகிற கடைசி இடத்தில் இறங்கினோம். அங்கிருந்து தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற சர்ச் வரை ஓடித் திரும்புவது திட்டம். ஆசிரியர் முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்பதால் நானும் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினேன். நூறு அடி வரை முன்னால்தான் இருந்தேன். பிறகு ஒவ்வொருவராக “வாரேன் சார்”, “வாரேன் சார்” என்று சொல்லிக்கொண்டு கடந்து போனார்கள். முத்துச்செல்வி திரும்பி வரும்போதும் ஒரு தடவை சொன்னாள்.

சர்ச்சை நான் பார்க்கவே இல்லை. இரண்டு பக்கமும் கடல், நடுவில் கணுக்கால் புதைய நான். ஷூவுக்குள் பாதி மணல். கடைசியில் மீன் ஏற்றி வந்த வேன் ஒன்று நின்றது. கூடைகளுக்கு நடுவில் இடம் செய்து கொடுத்த அம்மா, என் விசிலையும் தொப்பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அக்கறையாக விசாரித்தார்:

“புள்ளைக எல்லாம் அப்பவே திரும்பிப் போயிருச்சுக. நீங்க அதுகளுக்குச் சமையல்காரரா சார்?”

தாண்டாமல் வந்த மெடல்

மண்டலப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் படிவத்தை எப்போதும் நானே நிரப்புவேன். அடுத்தவர் எழுதினால் தப்பு வந்துவிடும் என்று பயம். குண்டு எறிகிற பூமிநாதனின் பெயரை ஒரு வரி தள்ளி எழுதிவிட்டேன். அந்த வரி தடை ஓட்டம். அவன் உடம்புக்குப் பஸ் படி ஏறுவதே ஒரு தடைதான். மைதானத்தில் அவன் பெயரைத் தடை ஓட்டத்துக்குக் கூப்பிட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. குண்டு எறிதலில் பெயர் இல்லை, இனி சேர்க்க முடியாது என்றுவிட்டார்கள். “சும்மா வந்த பயணமாப் போகவேண்டாம், ஓடிப் பாரு” என்றேன்.

தடை ஓட்டத்துக்கு வந்திருந்தது மொத்தமே நான்கு பேர். அதில் ஒருவன் இரண்டாவது தடையில் விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பூமிநாதன் நின்று நிதானமாகப் பத்துத் தடைகளையும் வரிசையாகச் சாய்த்துக்கொண்டு வந்து சேர்ந்தான். வேண்டுமென்று தள்ளினானா, வேறு வழியில்லாமல் தள்ளினானா என்று நடுவர்கள் கொஞ்ச நேரம் பேசினார்கள். அவனைத் திரும்பிப் பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். மூன்றாமிடம். என் ஏழு வருடத்தில் முதல் மெடல். கழுத்தில் அதை மாட்டிக்கொண்டு வந்து நின்றவன் முகத்தில் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

“தாண்டணும்னுதான் சார் சொன்னாங்க. நான் ஒண்ணைக்கூடத் தாண்டல. ஆனாலும் குடுத்துட்டாங்க.”

டீ

அன்று மத்தியானம் வட்டு எறிதல். வட்டத்துக்குப் பக்கத்தில் நின்று ஆரோக்கியத்துக்குக் கால், முட்டி, முகவாய் எல்லாவற்றையும் ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தேன். முதல் எறி கோட்டுக்கு வெளியே போனது. காதர் பாய் என் தோளைத் தொட்டு, “வெயில் ஜாஸ்தியா இருக்கு, ஒரு டீ சாப்பிட்டு வாங்க சார்” என்றார். அந்த மாதிரி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. போனேன். கடையில் கூட்டம். டீ வர நேரமானது. பாதி குடித்திருப்பேன், மைதானத்தில் ஒரே சத்தம். டம்ளரை வைத்துவிட்டு ஓடிவந்தால், ஆரோக்கியத்தைச் சுற்றி ஆட்கள். இரண்டாவது எறியில் எல்லோரையும் தாண்டிவிட்டான். என் வாழ்க்கையில் நான் பார்த்திருக்க வேண்டிய ஒரே காட்சி, நான் டீக்கடையில் சர்க்கரை கம்மி என்று சொல்லிக்கொண்டிருந்தபோது நடந்து முடிந்துவிட்டது.

நான் வருவதைப் பார்த்ததும் பையன் முகம் மாறியது. பாய் அவசரமாக முன்னால் வந்து வழியை மறித்தார்.

“இன்னும் நாலு எறி பாக்கி இருக்கு சார். இன்னொரு டீ சாப்பிட்டு வந்திருங்களேன்.”

குடித்தேன். ஆரோக்கியத்துக்கு முதலிடம்.

ஏழும் அரையும்

இதைச் சிரிக்காமல்தான் சொல்ல வேண்டும். மறுநாள் காலை பெண்களுக்கு மூவாயிரம் மீட்டர். நானூறு மீட்டர் ட்ராக்கில் அது ஏழரை சுற்று. முதலில் ஒரு அரைச் சுற்று, பிறகு ஏழு முழுச் சுற்று. முதலிடம் வருகிறவளுக்கு மட்டும்தான் பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு அழைப்பு. முத்துச்செல்விக்குத் தைக்குள் நடக்க வேண்டிய உருப்படியான காரியம் அதுதான். நான் வளைவில் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் ஓடின அரையையும் ஒன்றாக எண்ணிவிட்டேன் என்பது எனக்குத் தெரியாது. அவள் இரண்டாவதாக, அலட்டிக்கொள்ளாமல் வந்துகொண்டிருந்தாள். நான் ட்ராக் ஓரத்துக்கே போய்த் தொண்டை கிழியக் கத்தினேன்: “கடைசி ரவுண்டு! விடு! ஓடு!”

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். ஏதோ கேட்க வந்த மாதிரி இருந்தது. பிறகு விட்டாள் பாருங்கள், அந்த மாதிரி ஒரு ஓட்டத்தை அதற்குப் பிறகும் நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் அரை வளைவு பின்தங்கிவிட்டார்கள். கோட்டைத் தாண்டினாள், ட்ராக்கிலேயே முழங்கால் மடங்கி விழுந்தாள். அந்த நேரத்தில்தான் மணி அடித்தது. முடிந்ததற்கு அல்ல, இன்னும் ஒரு சுற்று இருக்கிறது என்பதற்கு. எதிர்ப்பக்கமிருந்து காதர் பாய்தான் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்: “தாயி, எந்திரி! இன்னும் ஒரு ரவுண்டு கெடக்கு! எந்திரி தாயி!” மூன்று பேர் அவளைக் கடந்து போனார்கள். அவள் கையை ஊன்றி எழுந்தாள். எங்கிருந்து மூச்சு வந்தது என்று தெரியவில்லை, ஓடினாள். பின் நேர்க்கோட்டில் ஒருத்தியைப் பிடித்தாள், வளைவில் இன்னொருத்தியை. முன்னால் போனவளை எட்டிப் பிடிக்க ஒரு கை நீளம் பாக்கி இருந்தபோது கோடு வந்துவிட்டது.

இரண்டாமிடம். தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். “எல்லாம் என் தப்பு” என்றேன். அவள் அழவில்லை. தண்ணீரைக் குடித்து, மிச்சத்தை முகத்தில் ஊற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

“நான் சரியாத்தான் சார் எண்ணிட்டு இருந்தேன். பெரியவுக சொல்றீகளேன்னு விட்டுட்டேன்.”

வாக்குமூலம்

தேர்வுக் குழுத் தலைவர் வேறு ஊர்க் கல்லூரிக்காரர், நரைத்த மீசை, எதற்கும் “ரூல் என்ன சொல்லுது?” என்று கேட்கிறவர். அவரைத் தேடிப்போய் நடந்ததைச் சொன்னேன். வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள் என்றார். வராந்தாவில் உட்கார்ந்து எழுதினேன். அரைச் சுற்றை முழுச் சுற்றாக எண்ணியது நான், கத்தியது நான், அந்தப் பெண்ணின் எண்ணிக்கை சரியாக இருந்தது, அவளைக் கெடுத்தது அவளுடைய பயிற்சியாளர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விளையாட்டு ஆசிரியனுக்கு ஏழரை வரை எண்ணத் தெரியாது என்று ஆவணமாக எழுதிக் கொடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் சிரிப்பது மாதிரியே இருந்தது. சிலர் உண்மையிலேயே சிரித்தார்கள்.

அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். முதலிடத்தை மாற்ற முடியாது, ஆனால் தேர்வுக்கு அவளையும் கூப்பிடலாம், அங்கே ஓடிக் காட்டட்டும் என்றார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்தார்.

“வருஷா வருஷம் எனக்குக் கட்டுக் கட்டாப் புகார் வருது. எல்லாரும் நடுவர் மேலதான் எழுதுவாங்க. தன்மேல தானே புகார் எழுதின ஆளை இன்னிக்குத்தான்யா பாக்குறேன்.”

ஒரு எழுத்து

தேர்வு அன்று என் வாயில் விசிலை வைத்துக் கடித்துக்கொண்டே நின்றேன், எதையும் கத்திவிடக் கூடாது என்று. முத்துச்செல்வி தானே எண்ணி, தானே வேகத்தைக் கூட்டி, முதலாவதாக வந்தாள். பல்கலைக்கழக அணியோடு வடக்கே அகில இந்தியப் போட்டிக்கு ரயில் ஏறினாள். நான் ஸ்டேஷனுக்குப் போய்ப் புத்திமதி எதுவும் சொல்லாமல் வாழைப்பழம் மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

அவள் போன நான்காம் நாள் அய்யா மறுபடி வந்தார். இந்தத் தடவை மிளகாய் இல்லை. முகமும் சரியில்லை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஊருக்கு வந்திருக்கிறார்கள். பெண் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். இவர் பெருமையாக “பொண்ணு வடக்க ஓடப் போயிருக்கு” என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் அதை “ஓடிப் போயிருக்கு” என்று காதில் வாங்கிக்கொண்டு, காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். மறுநாளே சம்பந்தம் வேண்டாம் என்று ஆள்விட்டுச் சொல்லியனுப்பிவிட்டார்கள். ஒரு பெண்ணின் பந்தயத்தையும் கெடுத்து, கல்யாணத்தையும் கெடுத்தாயிற்று என்று எண்ணி, “நானே நேர்ல வந்து விளக்கிச் சொல்றேங்க, வாங்க போவோம்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர் வாசலில் கையை நீட்டி நிறுத்தினார். அப்போதுதான் மீசைக்குள் சிரிப்பைப் பார்த்தேன்.

“வேணாம் சார். ஒரு எழுத்தைச் சரியாக் காதுல வாங்கத் தெரியாத வீட்டுல எம்மகளைக் குடுத்து என்ன செய்ய? அது படிக்கட்டும், ஓடட்டும்.”

கேடயம்

அகில இந்தியப் போட்டியில் அவளுக்கு மெடல் கிடைக்கவில்லை. ஆனால் பல்கலைக்கழக அணிக்காரர்கள் போடுகிற கோட்டு கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு விளையாட்டு விழா மேடையில் ஏறியபோது பிள்ளைகள் விசிலடித்ததில் மைக் கேட்கவில்லை. பின்னாளில் அவள் உடற்கல்வி படித்து, பரமக்குடிப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். கெமிஸ்ட்ரிக் கட்டடம் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டது. அன்றைய விழாவில் பிரின்சிபால் ஆண்டறிக்கை வாசித்தார்: வட்டு எறிதலில் தங்கம், மூவாயிரத்தில் வெள்ளி, தடை ஓட்டத்தில் வெண்கலம், இவை அனைத்துக்கும் காரணம் நமது உடற்கல்வி இயக்குநரின் அயராத வழிகாட்டுதல். வரிசையில் உட்கார்ந்திருந்த ஆரோக்கியமும் பூமிநாதனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். ‘சிறந்த பயிற்சியாளர்’ என்று அதில் எழுதியிருந்தது.

விழா முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு மைதானத்து ஷெட்டுக்குப் போனேன். காதர் பாய் கொடிகளை மடித்துக்கொண்டிருந்தார். “இது உங்களுக்குச் சேர வேண்டியது பாய்” என்று மனதாரத்தான் நீட்டினேன். அவர் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கைலியால் ஒரு தடவை துடைத்தார். திரும்ப என் கையிலேயே வைத்தார்.

“நீங்களே வச்சுக்கங்க சார். எங்க வீட்டுல கேடயம் இல்லாமலே என்னைய நம்புவாக.”

இப்படியாக, நான் எதுவும் செய்யாத நாட்களில் என் பிள்ளைகள் ஜெயித்தும், நான் ஏதாவது செய்த நாட்களில் அதையும் மீறி ஜெயித்தும், ஓய்வு பெறும் வரை நானும் ஒருவழியாக என் காலத்தை ஓட்டி முடித்துவிட்டேன்.